மண்ணுக்குக் கட்டம் இல்லை

பெரும்பாலும் இழுத்துத்தான் வருவார்கள்.
ஊர்போ ஓட்டியே வந்தார்.
மைனஸ் பதினெட்டில்
ஒரே முறுக்கில் கிளம்பி
போரோவெசி ஏரியைச் சுற்றிக்கொண்டு
எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றது
அந்த நீல டொயோட்டா.
ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்.

"அடிப்பக்கம் மட்டும்தான் துரு.
மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது"
என்றார்,
பல் மொத்தமும் போனவர்
பசி நன்றாக எடுக்கிறது என்பதைப்போல.

"பின் எதற்கு?"
"தலைமுழுகத்தான் வந்தேன், ஹில்க்கா.
பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து
இனி ஒரு கார், இரண்டு சாவி."

முதலில் பாட்டரி.
பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் நான்.
எஞ்சின் எண்ணெய்க்கு ஒரு பீப்பாய்
பிரேக் திரவத்துக்கு ஒன்று
எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைத் தண்ணீருக்கு ஒன்று.
ஏசி வாயுவை
கண்ணுக்குத் தெரியாததாலேயே
கூடுதல் கவனத்தோடு உறிஞ்சி உருளையில் அடைக்க வேண்டும்.
ஒன்றோடொன்று கலந்துவிட்டால்
பிறகு எதுவும் எதற்கும் ஆகாது.

இந்தக் குளிரில் எண்ணெய் கொட்டாது.
யோசித்து
யோசித்து
இறங்கும்.

அவர் போகவில்லை.
ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று
குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.
கடைசிச் சொட்டு எப்போது என்று கேட்டார்.
கடைசிச் சொட்டு என்று ஒன்று இல்லை,
நாம்தான் ஒரு நேரத்தில் தட்டை எடுத்துவிடுகிறோம் என்றேன்.

வலது கதவை அன்று மாலையே
மார்யுக்கா வாங்கிப் போனாள்,
பள்ளிக்கூடத்துச் சமையற்காரி.
அவள் கதவை எல்க் மான் ஒன்று நசுக்கிவிட்டது.
நிறம் பொருந்தாது என்றேன்.
"மானுக்குத் தெரியவா போகிறது?" என்றாள்.
புதிதாய் ஒரு கதவுக்காக
எங்கோ ஓர் உலை எரிய வேண்டியதில்லை
அவ்வளவுதான்.

ஊர்போவுக்கு ஒரு தாள் கொடுத்தேன்.
இனி இதை எவரும் ஓட்டப்போவதில்லை
என்று முத்திரை குத்திய தாள்.
எட்டாக மடித்துக்
கையுறைக்குள் வைத்துக்கொண்டார்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை
ஒரு காலால் பனியை உந்தி உந்தி
உதைசறுக்கு வண்டியில் வந்தார்.
இருக்கையில் ஒரு வாளி.
வாளியில் மண்.

உறைந்த தரையைக் கடப்பாறையால் கொத்தியிருக்கிறார்.
கட்டி கட்டியாய், கரிபோல.
"இதை வாங்குவீர்களா?"

முதல் பத்து வருடம்
எண்ணெயைத் தானே மாற்றினாராம்.
சவுனாவுக்குப் பின்னால், பிர்ச் மரத்தடியில்
ஊற்றிவிட்டு உள்ளே போய்
வியர்த்து, குளித்து, சுத்தமாக வெளியே வருவாராம்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்
என்று அடுத்து சொல்வார்
என்று காத்திருந்தேன்.
சொல்லவில்லை.

தலைமுழுகினோம் என்கிறோம்.
எண்ணெய் எங்கே போனது என்று
கேட்டதே இல்லை.

விலைப்பட்டியலை எடுத்தேன்.
பாட்டரிக்குக் கட்டம் இருக்கிறது.
டயருக்கு, கண்ணாடிக்கு,
புகைக்குழாயில் ஒளிந்திருக்கும் விலையுயர்ந்த உலோகத்துக்கும் இருக்கிறது.
மண்ணுக்கு இல்லை.
நகராட்சிக்குப் போன் செய்தேன்.
எத்தனை கனமீட்டர் என்று கேட்டது ஓர் இளங்குரல்.
ஊர்போவைப் பார்த்தேன்.
கைகளை விரித்து அகலம் காட்டினார்.
நீளம் காட்டினார்.
ஆழத்துக்கு வந்ததும்
கைகளை இறக்கிவிட்டார்.

இதற்குள் அடுப்பருகே வைத்த வாளி
இளகத் தொடங்கியிருந்தது.
வாசனை எழுந்தது.
முப்பது வருடத்துக்கு முந்தைய எண்ணெய்
நேற்று ஊற்றியதுபோல.

பீப்பாய்களின் வரிசையில்
கடைசியாக வாளியை வைத்தேன்.
அட்டையில் என்ன எழுதுவது?
திரவமா, திடமா?
'ஊர்போ, சவுனாவுக்குப் பின்னால்'
என்று எழுதித் தேதி போட்டேன்.

"மிச்சத்தை மே மாதம் கொண்டுவருகிறேன்,
தரை விட்டுக் கொடுத்ததும்" என்றார்.
வாளியைத் திருப்பிக் கேட்டார்.
மண்ணோடு இருக்கட்டும் என்றேன்.
இருக்கை காலியாக
சறுக்கிக்கொண்டே போனார்.

கொட்டகை ஓரம் நிற்கும்
என் சொந்தக் காருக்கு அடியில்
அன்றுதான் முதன்முறையாகக்
குனிந்து பார்த்தேன்.